கொழுந்து போகும் மூன்று வழி

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

படம் முடிந்தது. பதினான்கு பெட்டிகள், பதின்மூன்று அம்புக்குறிகள். எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் வெட்டவில்லை. காலையிலிருந்து நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன், புது மோதிரம் போட்டவள் விரலைப் பார்ப்பதுபோல.

ஆவணங்களில் இதன் பெயர் வொர்க்ஃப்ளோ மாடல். பறித்த தேயிலைக் கொழுந்து தோட்டத்திலிருந்து ஆலைக்கு வந்து சேரும்வரை யார், எதற்குப் பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டும் படம். வரைந்து சிஸ்டத்தில் ஏற்றிவிட்டால் அந்த வரிசையில்தான் வேலை நடக்கும். பறிப்பு, நிறுவை, கணக்கெழுதும் கிராணியின் பதிவு, டிவிஷன் மேனேஜரின் ஒப்புதல், லாரிக்குப் பாஸ், ஆலை. எங்கள் எஸ்டேட்டில் மூன்று டிவிஷன்கள். மலை உச்சியில் மேல் டிவிஷன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆற்று டிவிஷன், பெரிய ரோட்டை ஒட்டிச் சாலை டிவிஷன். இத்தனை வருடமாக மூன்றும் மூன்று விதமாகக் கொழுந்தை அனுப்பிக்கொண்டிருந்தன. இனி ஒரே விதம்.

ஷா ஆலாம் தலைமை அலுவலகத்திலிருந்து சிவலிங்கம் சார் கூப்பிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து இன்றுதான் கேட்டேன். "மூணு டிவிஷன், ஒரே ஃப்ளோ. இதத்தான் கேட்டேன் நளினி." கூடவே நினைவூட்டவும் செய்தார்: நவம்பர் வரைக்கும்தான் சோதனை. சரிவராவிட்டால் வெளிநாட்டு ரெடிமேட் சிஸ்டம் ஒன்றை வாங்கிவிடுவார்கள். அதில் நிறுவைக் கொட்டகைக்குக் கிராணியே தேவையில்லை. நானும் தேவையில்லை.

எப்படிச் சரிவராமல் போகும்?

தானா ராத்தா டவுனில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் விக்கி என்கிற விக்னேஸ்வரியிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். "நல்லா இருக்குடி. இதுல ஆளுங்க எங்க?" என்றாள். பெட்டிக்குள் எழுதியிருக்கிறதே, 'கிராணி', 'மேனேஜர்' என்று! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

முதல் நாள்.

காலை பத்து மணிவரை ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து திரையில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை ரசித்தேன். சாலை டிவிஷன், பச்சை. ஆற்று டிவிஷன், கொஞ்சம் தாமதமாக, பச்சை. மேல் டிவிஷன், நிறுவை முடிந்தது, பதிவு முடிந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு மணிக்கும் இல்லை. ஒரு மணிக்கும் இல்லை. அங்கே போன் சிக்னல் கிடையாது; சிஸ்டத்துக்கு மட்டும் ஒரு டிஷ் இணைப்பு, அதுவும் அடிக்கடி அறுந்துபோகும். லாரி கீழே இறங்கிவரும்போது தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

மூன்றரைக்கு லாரி டிரைவர் புவனேஸ் ஆலை வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"மிஸ், கொஞ்சம் வெளிய வாங்க லா."

மூட்டைக்குள் கையை விடச் சொன்னான். விட்டேன். சுட்டது. பறித்த கொழுந்தை மூட்டைக்குள் அமுக்கி மணிக்கணக்கில் வைத்தால் தானாகவே சூடேறிச் சிவந்துவிடும் என்று படித்திருக்கிறேன். கையை விட்டுப் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். மேல் டிவிஷன் மேனேஜர் ஒரு வேலையாகத் தானா ராத்தா போய்விட்டார். அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் பாஸ் வரும். பாஸ் வந்தால்தான் லாரி கிளம்பலாம். நான் வரைந்த ஏழாவது பெட்டி. அங்கிருந்த கிராணி சாமிநாதன் அங்கிள் மேனேஜர் திரும்பி வரும்வரை லாரியை நிறுத்திவைத்துவிட்டார். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கிவந்து, போனில் கத்தாமல் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மிஸ். ஒரு பெட்டியயும் தாண்டல."

ஆயிரத்து எண்ணூறு கிலோ. முப்பது பேர் காலை ஆறரையிலிருந்து பறித்தது. எல்லாவற்றையும் உரக்குழியில் கொட்டினார்கள். நான் நின்று பார்த்தேன். பார்க்காமல் போயிருக்கலாம், ஆனால் போகக் கூடாது என்று தோன்றியது.

புவனேஸ் மட்டும் பக்கத்தில் வந்து, "படம் ஓடல மிஸ்," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

சோறு இறங்கவில்லை. விக்கி ரசம் வைத்துக் கொடுத்தாள், அது இறங்கியது.

28 ஆகஸ்ட், வியாழன்

காலை ஆறு மணிக்குப் புவனேஸின் லாரியில் மேலே போனேன். ஐந்து மாதமாக வேலை பார்க்கிறேன், மேல் டிவிஷனுக்குப் போனது இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. அதுவும் போட்டோ எடுக்க. வெட்கம்.

கோயில் வளைவு வரைக்கும் சிக்னல் இருக்கிறது. அதற்குமேல் பனிமூட்டம்தான்.

மண்டோர் தங்கம்மா அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பறிப்புக் கூட்டத்தை நடத்துபவர் அவர்தான். பாதிப்பேர் பங்களாதேஷ், நேப்பாளம். எல்லாரிடமும் மலாயும் தமிழும் கலந்த ஒரே மொழியில் பேசுகிறார், எல்லாருக்கும் புரிகிறது. நான் பேச ஆரம்பிப்பதற்குள் கூடையை நீட்டினார். "மன்னிப்பெல்லாம் அப்புறம். இதப் பிடி. தராசுக்குக் கொண்டு போ. அப்பத்தான் உனக்குத் தெரியும்."

தெரிந்தது. அங்கே எடை போடும்போது கிராணியும் மண்டோரும் தராசின் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். இருவரும் முள்ளைப் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். லாரி உடனே கிளம்பிவிடும். மேனேஜர் சாயங்காலம் நோட்டைப் பார்ப்பார். மேனேஜர் செய்ய வேண்டிய சரிபார்ப்பை இரண்டு பேர் அங்கேயே செய்துவிடுகிறார்கள். முப்பது வருடமாக.

"இத ஏன் அங்கிள் முன்னாடியே சொல்லல?" என்று சாமிநாதன் அங்கிளைக் கேட்டேன்.

"நீங்க கேள்வித்தாள் அனுப்புனீங்க. 'மேனேஜர் ஒப்புதல் தருகிறாரா? ஆம், இல்லை'ன்னு. தர்றாரு. ஆமான்னு டிக் பண்ணேன். எப்பத் தர்றாருன்னு நீங்க கேக்கலையே."

மத்தியானம் ஆற்று டிவிஷன். அங்கே பாலம் கனரக லாரியைத் தாங்காது. கொழுந்து சின்ன வேனில் பாலம் தாண்டி வந்து லாரிக்கு மாறுகிறது. அதனால் இரண்டு தடவை எடை. சாலை டிவிஷனிலிருந்து ஆலைக்கு ஏழு நிமிடம். ஆலையிலேயே ஒரு தடவை எடை போட்டால் போதும். மூன்று இடத்திலும் அதே வேலை, மூன்று விதமாக. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. சோம்பேறித்தனமோ ஒழுங்கின்மையோ இல்லை. மலையும் ஆறும்தான் காரணம்.

விக்கி கேட்டதற்கு இப்போது பதில் தெரிகிறது. ஆளுங்க எங்கே? தராசின் இரண்டு பக்கத்திலும்.

2 செப்டம்பர், செவ்வாய்

மூன்று படம் வரைந்துவிட்டேன்! ஒன்றை நகலெடுத்து, ஒவ்வொரு டிவிஷனுக்கும் தகுந்தாற்போல வெட்டி ஒட்டினேன். காலையில் ஏற்றினோம். பதினொன்றரைக்கு மேல் டிவிஷன் கொழுந்து ஆலைக்குள்ளே. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

சாமிநாதன் அங்கிள் கோயில் வளைவுக்கு இறங்கிவந்து போன் பண்ணினார். "மிஸ், இப்ப படம் ஓடுது. ஹவுஸ்ஃபுல்."

சிவலிங்கம் சாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ஒண்ணு கேட்டேன், மூணு குடுக்கறீங்க," என்றார். நேற்றைய விடுமுறைக்கு யாரோ கொடுத்த கெத்துப்பாட், தென்னோலையில் வேகவைத்த சோறு, இன்னும் இருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு எதிராக மனதுக்குள் நிறையப் பேசினேன். எல்லா வாதத்திலும் ஜெயித்தேன்.

11 செப்டம்பர், வியாழன்

மாற்றம் எண் 19. தேதியை எழுதும் முறை. மூன்று படத்திலும் மாற்றினேன். மாற்றினேனா? மாற்றினேன்.

17 செப்டம்பர், புதன்

மாற்றம் எண் 26. ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து செய்து, விக்கி கேட்ட ஒரு டம்ளர் காப்பிக்கு மூன்று டம்ளர் போட்டு வைத்தேன். அவள் மூன்றையும் குடித்தாள். நல்ல பெண்.

24 செப்டம்பர், புதன்

தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

இந்த மாதம் பூச்சிக்குப் புது மருந்து வந்திருக்கிறது. பழைய மருந்து அடித்தால் ஏழு நாள் அந்தப் பகுதியில் பறிக்கக் கூடாது. புதியதற்குப் பதினான்கு நாள். படத்தின் முதல் பெட்டியே 'இன்று எந்தப் பகுதியில் பறிக்கலாம்' என்பதுதான். சிஸ்டம் நாளைக் கணக்கிட்டுச் சொல்லும். ஏழைப் பதினான்காக மாற்ற வேண்டும். போன வாரம் செய்த மாற்றம் எண் 24. மேல் டிவிஷனில் மாற்றினேன். சாலை டிவிஷனில் மாற்றினேன்.

ஆற்று டிவிஷனில் மாற்றவில்லை.

மறந்துட்டேன். வேற என்ன சொல்றது? மறந்துட்டேன். நடுவில் ஒரு போன் வந்தது, பேசினேன், திரும்பி வந்து முடிஞ்சதுன்னு டிக் போட்டேன்.

ஆற்று டிவிஷனில் இன்று ஆள் குறைவு என்று தங்கம்மா அக்காவின் கூட்டத்தை அங்கே அனுப்பியிருந்தார்கள். திரை ஒன்பதாம் பகுதியைப் பச்சையாகக் காட்டியது. போய்ப் பறிக்கலாம் என்று. அங்கே மருந்து அடித்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அக்கா வரப்பிலேயே கையை விரித்து எல்லாரையும் நிறுத்திவிட்டார். போன மாதக் கூட்டத்தில் 'புது மருந்து, பதினாலு நாள்' என்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. கூட இருந்த கிராணி திரையைக் காட்டியிருக்கிறார். அக்கா சொன்னாராம்: "அது பச்சையா இருந்தா அது போய்ப் பறிக்கட்டும். என் புள்ளைங்க போவாது."

ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை இரண்டு தடவை எழுதிக்கொள்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிவலிங்கம் சாருக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுக்குத்தான் நளினி ஒண்ணே ஒண்ணு கேட்டேன்," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதுதான் வலிக்கிறது.

25 செப்டம்பர், வியாழன்

ஒரே படம் என்றால் யாருக்கும் பொருந்தவில்லை. மூன்று படம் என்றால் ஒன்றையொன்று விட்டு விலகிப் போகின்றன. பின்னே என்னதான் செய்வது? நோட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா?

சாயங்காலம் விக்கி டியூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். புலம்பினேன். எனக்கொரு வாழைப்பழம் தந்து, தனக்கொன்று உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வார்டுலயும் அதே கதைதான்லா. பிள்ளைங்க வார்டுல மருந்தக் குடுக்குற முறை வேற, பெரியவங்க வார்டுல வேற. ஆனா குடுக்கறதுக்கு முன்னால பேரக் கேக்கணும், எந்த மருந்து ஒத்துக்காதுன்னு பாக்கணும். அது எந்த வார்டுலயும் மாறாது. டாக்டரே வந்து 'விடு'ன்னாலும் விடமாட்டோம்."

"மத்ததெல்லாம்?"

"மத்தது அந்தந்த சிஸ்டர் பாத்துக்குவாங்க. ஆனா இஷ்டத்துக்கு இல்ல. இது இல்லன்னா அது, அவ்வளவுதான்."

இது இல்லன்னா அது.

நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். விக்கி அங்கிருந்தே கத்தினாள், நான் பாதியில் விட்ட பழத்தை அவள் சாப்பிடப் போவதாக.

28 செப்டம்பர், ஞாயிறு

இந்த வருடத்தின் மிக நல்ல ஞாயிற்றுக்கிழமை.

மேல் டிவிஷன் கொட்டகை. சாமிநாதன் அங்கிள், தங்கம்மா அக்கா, நான். புவனேஸ் பிரிஞ்சாங்கிலிருந்து நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, வாங்கி வந்தான்; வேலை முடியும்வரை போகவும் இல்லை. மேசைமேல் பெரிய தாளை விரித்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "எந்த டிவிஷனாக இருந்தாலும், மழையாக இருந்தாலும், ஆள் இல்லாவிட்டாலும், எதெல்லாம் மாறவே கூடாது?"

அக்கா யோசிக்கவே இல்லை. "மருந்து நாள். அது ஒண்ணு. எடைய ரெண்டு பேர் பாக்கணும். அது ரெண்டு. கொழுந்து மூட்டையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது. மூணு." கொஞ்சம் நிறுத்தி, "மத்ததெல்லாம் வளையும்," என்றார்.

அந்த மூன்றும் நடுவில். எல்லாருக்கும் பொதுவான ஒரே முதுகெலும்பு. ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு தடவை மாற்றினால் மூன்று டிவிஷனிலும் மாறிவிடும், மறக்க வழியில்லை. மற்ற ஐந்து இடங்களில் திறப்பு வைத்தோம். எடை எங்கே? தோட்டத்திலா, ஆலையிலா, இரண்டிலுமா? இரண்டு பேர் யார் யார்? வண்டி ஒன்றா, மாற்றமா? எந்த வழி? மேனேஜர் பார்ப்பது முன்பா, பின்பா? அந்தந்த டிவிஷன் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்தால் அதோடு சேர்ந்து வேறொன்று தானாக வரும். மேனேஜர் பின்னால் பார்க்கட்டும் என்றால் தராசில் இரண்டு கையெழுத்து கட்டாயம். வண்டி மாறும் என்றால் இரண்டாவது எடை கட்டாயம். பொருந்தாத ஜோடியைத் தேர்ந்தால் சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது, காரணத்தையும் சொல்லும்.

மடிக்கணினியில் ஒரு மாதிரி செய்து அங்கிளிடம் கொடுத்தேன். "இதை ஏமாற்றப் பாருங்கள்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு ஏமாற்ற அனுமதி கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் 'வேண்டாம்' என்று தேர்ந்தார். மறுத்தது. எடையே இல்லாமல் லாரியை அனுப்பப் பார்த்தார். மறுத்தது. மருந்து நாளைப் பூஜ்யமாக்கப் பார்த்தார். அந்த இடத்தில் கையே வைக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். இரண்டு கையெழுத்து கேட்ட இடத்தில், கிராணி என்ற முறையில் தன் பெயர், மண்டோர் லீவில் இருப்பதால் பதில் மண்டோர் என்ற முறையில் மறுபடி தன் பெயர். சிஸ்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. சாமிநாதன் எடை போட, சாமிநாதன் சரிபார்த்தார்.

தங்கம்மா அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஆளோட நான் பதினெட்டு வருசமா தராசுல நிக்குறேன் பாரு தங்கச்சி."

இரண்டு பதவி போதாது, இரண்டு மனிதர்கள் வேண்டும். அங்கேயே திருத்தினேன். அங்கிளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

7 அக்டோபர், செவ்வாய்

சிவலிங்கம் சாரோடு ஒன்றரை மணி நேரம்.

"ஒரே மாடல்தான் சார்," என்றேன். "ஆனால் சில இடம் திறந்திருக்கும்."

"யாரு திறப்பா? நீங்களா?"

"அந்தந்த டிவிஷன் ஆட்கள்."

படத்தை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு, "தோட்டத்து ஆளுங்க கையில குடுத்தா விளையாடிருவாங்க நளினி."

விளையாட வைத்துப் பார்த்துவிட்டோம் சார், ஒரு மணி நேரம், என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார், இரண்டு நிபந்தனைகளோடு. எதை மாற்றினாலும் இரண்டு பேர் சேர்ந்து மாற்ற வேண்டும், காரணம் எழுத வேண்டும். நவம்பர் 18 அன்று ஷா ஆலாமில் இயக்குநர்கள் முன்னால் நேரடியாக ஓட்டிக்காட்ட வேண்டும். அதே வாரத்திலேயே ரெடிமேட் கம்பெனியும் வந்து காட்டப் போகிறதாம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மலையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதத்து நளினியும் பார்த்ததில்லை.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

ஈப்போ, வீடு. அம்மாவுக்கு என் வேலை என்னவென்று மறுபடியும் விளக்கினேன். முறுக்கு உழக்கைக் கையில் எடுத்துக் காட்டினேன். "உழக்கு ஒண்ணுதான்மா. உள்ள தட்ட மாத்துனா முறுக்கு, ரிப்பன், ஓமப்பொடி. அதான் என் வேலை."

"அப்ப மாவு?" என்றார் அம்மா.

"மாவு ஒண்ணுதான்."

"ஓமப்பொடிக்கும் முறுக்குக்கும் ஒரே மாவுன்னு எவ சொன்னா? இதுக்குத்தான் உன்ன ஒரு நாளாவது அடுப்படிக்கு வான்னு கூப்பிட்டேன்."

எண்ணெய்ச் சட்டி முன்னாலேயே உறைத்தது. வழியைத் தேர்ந்துகொள்ள விட்டேன்; ஆனால் எல்லா வழிக்கும் ஒரே பதிவுத்தாளை வைத்திருக்கிறேன். வண்டி மாறினால், மாறிய நேரத்தை எழுத இடமே இல்லை. இரண்டு மணி நேரக் கணக்கு எப்படித் தெரியும்? ஒரு தட்டு முறுக்கோடு அறைக்குள் போய்த் திருத்தினேன். அம்மாவிடம் நன்றி சொன்னேன். எதற்கென்று கேட்டார். மாவுக்கு என்றேன்.

27 அக்டோபர், திங்கள்

புதிய படம் ஏறியது. மூன்று டிவிஷனும் தங்கள் தேர்வுகளைத் தாங்களே செய்தன. ஆற்று டிவிஷனுக்கு இருபது நிமிடம், சாலை டிவிஷனுக்கு ஐந்து. மேல் டிவிஷனுக்கு ஒரு மணி நேரம், அங்கிள் மறுபடி ஏமாற்றப் பார்த்ததால்.

6 நவம்பர், வியாழன்

மழை. மழை. துணி காயவில்லை. கொழுந்து மட்டும் நேரத்துக்கு வருகிறது.

18 நவம்பர், செவ்வாய்

ஷா ஆலாம். உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும்.

நேற்றே பஸ் பிடித்து வந்துவிட்டேன். காலை பத்து மணிக்குக் கூட்டம். ஆறு இயக்குநர்கள், பெரிய திரை, சிவலிங்கம் சார் என் வலப்பக்கம். முதல் இருபது நிமிடம் நன்றாகப் போனது. முதுகெலும்பு, திறப்புகள், பொருந்தாத ஜோடியை மறுப்பது, எல்லாவற்றையும் காட்டினேன். "சரி, இப்ப நேரடியா மேல் டிவிஷனத் திறந்து காட்டுங்க," என்றார் சார்.

திறந்தேன்.

அது நான் அறிந்த மேல் டிவிஷன் இல்லை. வழக்கமான வழி இருக்க வேண்டிய இடத்தில் வேறு வழி. ஒரு லாரிக்குப் பதில் வண்டி மாற்றம். இரண்டாவது எடை ஆற்று டிவிஷன் கொட்டகையில். என் காது சூடாகிவிட்டது.

"இதை யார் மாத்தினது?" என்று கேட்டார் சார்.

"தெரியல சார்," என்றேன். ஆறு இயக்குநர்கள் முன்னால். தெரியல சார்.

திரையிலேயே இருந்தது. நேரம் 7:42. சாமிநாதன், தங்கம்மா. காரணம் என்ற கட்டத்தில்: 'கோயில் வளைவுக்குக் கீழே ரோடு சரிஞ்சிருச்சு. கொழுந்து பழைய பாதையில வேன்ல ஆத்துப் பக்கம் போவுது. ஆளுங்க எல்லாரும் பத்திரம்.'

சார் என்னை ஸ்பீக்கரில் போன் போடச் சொன்னார். மேலே சிக்னல் இருக்காதே என்று ஆற்று டிவிஷன் கொட்டகைக்குப் போட்டேன். எடுத்தவர் அங்கிளேதான். பின்னால் மழைச் சத்தம்.

"அங்கிள், நளினி பேசுறேன். ரோடு..."

"ஆமா மிஸ், விடியக்காலம் சரிஞ்சிருச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. லோரி வரமுடியல, அதான் வேன். நீங்க மீட்டிங்ல இருப்பீங்கன்னு கூப்பிடல. ஏன் மிஸ், மாத்தக் கூடாதா?"

சிவலிங்கம் சார் மேசைமேல் குனிந்தார். "சாமிநாதன், நான் ஹெட் ஆபிஸ் சிவலிங்கம். மாத்த எவ்ளோ நேரம் ஆச்சு?"

"டீ ஆறல சார், அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான் ரெண்டாவது எடை வேணாம்னு பாத்தேன், இது விடல. வண்டி மாறுதுன்னா எடை போட்டே ஆவணுமாம். அதான் இங்க நிக்குறேன், மழையில." பக்கத்திலிருந்து தங்கம்மா அக்காவின் குரல்: "மாறுன நேரத்த எழுதுனீங்களா மொதல்ல?"

ஒரு இயக்குநர் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும்.

சார் சிரிக்கவில்லை. ஆலைக்குத் தனியாகப் போன் போட்டார். பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து வந்து சேர்ந்ததும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. காப்பி வந்தது, கறிபஃப் வந்தது, நான் ஒன்றையும் தொடவில்லை. பன்னிரண்டு பத்துக்குப் போன் வந்தது. சார் கேட்டார், தலையாட்டினார், வைத்தார்.

"பச்சையா இருக்காம்," என்றார் என்னைப் பார்த்து. "கை வச்சுப் பாத்தாங்களாம், ஜில்லுன்னு இருக்காம்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகு வந்து மூன்று கறிபஃப் சாப்பிட்டேன்.

25 நவம்பர், செவ்வாய்

ரெடிமேட் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மூன்று கிராணிகளும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். நானும் இருப்பேன்.

சிவலிங்கம் சார் அடுத்த மாதம் மலைக்கு வருகிறாராம். தராசு பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். தங்கம்மா அக்காவிடம் சொன்னேன். "வரட்டும். கூட இன்னொரு கூடை கெடக்கு," என்றார்.

1 டிசம்பர், திங்கள்

விக்கிக்குப் பத்து நாள் லீவு. பங்கோர் தீவுக்குப் போகலாம், வா என்றாள். எனக்கும் கடலைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

விடுப்பு விண்ணப்பத்தையும் போன வாரம்தான் இதே முறையில் மாற்றியிருந்தோம். முதல் ஆளாக நானே போட்டேன். உடனே திரும்பி வந்துவிட்டது: 'பதில் ஆள்' கட்டம் காலி. சாமிநாதன் என்று எழுதினேன். மறுபடி திரும்பி வந்தது: பொதுப்படத்தைப் பார்த்துக்கொள்பவர் லீவில் போனால் இரண்டு பேர் வேண்டும். நான் வைத்த விதிதான். தங்கம்மா என்று சேர்த்தேன்.

அங்கிள் பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். அக்கா மத்தியான இடைவேளையில் ஏற்றுக்கொண்டு, காரணம் எழுதும் கட்டத்தில், யாரும் காரணம் கேட்காவிட்டாலும், ஒரு விரலால் தட்டியிருக்கிறார்:

'போய்ட்டு வா தங்கச்சி. வந்து பாக்கும்போது வேற மாதிரி இருக்கும். பயப்படாத.'